பதினொரு சென்ட் திருகாணி

நெவின் டார்கனின் உயிர் பதினொரு சென்ட்டுக்குப் போனது. ஒரு திருகாணியின் விலை அது. கடைக்காரர் முதலில் பதினான்கு சென்ட் சொன்னார். மூவாயிரமாக எடுத்துக்கொள்கிறேன் என்றாள் மார்னி ஓக்கல். அவர் அசையவில்லை. வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள், பதினொன்றுக்கு முடிந்தது. வாங்கியவளுக்கும் திருப்தி, விற்றவருக்கும் நஷ்டமில்லை. அந்த மூவாயிரத்தில் ஒன்று இரண்டு வருடம் கழித்து வேறு விலை கேட்கும் என்று கல்லாவில் இருந்த இருவருக்கும் தெரியாது.

மார்னிக்கு முப்பத்தொன்பது வயது. பதினோரு வருடம் ஸ்கேட்போர்டில் ஏறி, பறந்து, விழுந்து, அதற்குக் காசு வாங்கிப் பிழைத்தவள். அவள் பெயர் போட்ட பலகைகள் மெல்போர்னிலிருந்து ஒசாகா வரை கடைகளில் தொங்கின. பலகைக்கு இரண்டு டாலர் அவளுக்கு வரும். வந்ததையெல்லாம் சொந்த ஊரான டவுன்ஸ்வில்லுக்குக் கொண்டுவந்து மரமாக மாற்றிவிட்டாள். துறைமுகத்துக்குப் போகும் ரயில் பாதை ஓரத்தில் நகராட்சியிடம் ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்து, இரண்டு பக்கமும் வளைந்து ஏறும் ரேம்ப் ஒன்று கட்டினாள். முப்பத்தாறு பலகை, பலகைக்கு அறுபத்தேழு திருகாணி. ஏன் அறுபத்தேழு என்று கேட்டால், அறுபத்தாறு போட்டுப் பார்த்தேன், தூக்கம் வரவில்லை என்பாள். புதன்கிழமை பெண்களுக்கு மட்டும். சக்கரம் வாங்க வக்கில்லாதவர்களுக்குத் தன் பழைய சக்கரத்தைக் கழற்றிக் கொடுப்பாள். அதனால் ஊரில் பாதிப் பேர் ஓட்டியது மார்னியின் தேய்மானத்தில்தான்.

நெவின் அவளோடு பதினைந்து வயதிலிருந்து ஓட்டியவன். துறைமுகத்தில் கிரேன் இயக்குபவன். அவளைவிட நன்றாக ஓட்டுவான் என்று அவளே சொல்வாள். ஆனால் விழுவதற்குக் காசு வாங்குவது அவனுக்குக் கூச்சமாக இருந்தது. வேலைக்குப் போகும் முன் விடியற்காலையில் அரைமணி நேரம் தனியாக ஓட்டிவிட்டுப் போவான். அவ்வளவுதான் அவன் லாபம்.

அந்த ஊர் மழைக்காலத்தில் மரம் ஊறி உப்பும், வெயில் வந்தால் காய்ந்து சுருங்கும். உப்பிச் சுருங்கி உப்பிச் சுருங்கித் திருகாணிகள் மெல்ல மேலே ஏறிவிடும். மார்னி வாரத்துக்கு ஒருமுறை செருப்பைக் கழற்றிவிட்டு ரேம்ப் முழுக்க நடப்பாள். கண் ஏமாறும், உள்ளங்கால் ஏமாறாது. தட்டுப்பட்டதை அங்கேயே முடுக்குவாள். முடுக்க முடியாவிட்டால் சிவப்புச் சாக்கட்டியால் சுற்றி ஒரு வட்டம். வட்டம் போட்ட இடத்தில் யாரும் ஓட்ட மாட்டார்கள். இது எழுதாத சட்டம். இன்னும் இரண்டு சட்டங்கள் இருந்தன. காலையில் யார் முதலில் வருகிறாரோ அவர் பழைய துண்டால் பனி ஈரத்தைத் துடைத்துவிட்டுத்தான் ஏற வேண்டும். புதிதாக எது கட்டினாலும் கட்டியவர்தான் முதலில் இறங்க வேண்டும். குறை இருந்தால் முதலில் உடைவது அவர் எலும்பாக இருக்கட்டும் என்று.

மூன்றும் நல்ல சட்டங்கள். முதல் இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததில்லை, அதுதான் கோளாறு.

மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் பத்தொன்பதாவது பலகையில் ஒரு திருகாணி மார்னியின் காலில் தட்டுப்பட்டது. நகக்கண் அளவுக்கு எழும்பியிருந்தது. டிரில்லை எடுத்து அழுத்தினாள், பாட்டரி தீர்ந்திருந்தது. சாக்கட்டியால் வட்டம் போட்டாள். நாளைக்கு என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் நாலரை மணிக்கு நெவின் வந்தான். சட்டப்படி துண்டை எடுத்து ரேம்ப்பை மேலிருந்து கீழாகத் துடைத்தான். அரையிருட்டு. பனியோடு வட்டமும் போயிற்று. தலைக்கவசம் சைக்கிள் கைப்பிடியில் தொங்கியது.

ஆறு மணிக்கு வந்த மார்னி ரேம்ப்பின் அடியில் கிடந்த அவனைப் பார்த்தாள். பிறகு கைப்பிடிக் கம்பியில் மடித்துப் போட்டிருந்த துண்டைப் பார்த்தாள். அதில் சிவப்பு. ரத்தம் வேறு பக்கம் இருந்தது. துண்டில் இருந்தது என்ன என்று அந்த இடத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

போலீஸ்காரர்கள் படம் எடுத்தார்கள். கடைசியாக எப்போது சரிபார்த்தீர்கள் என்று கேட்டார்கள். நேற்றுச் சாயங்காலம் என்றாள். அது உண்மை. மழைக்காலத்தில் ஆணி எழும்புவது ஊரறிந்த சங்கதி, விபத்து என்று எழுதி மூடினார்கள். துண்டு மற்ற சாமான்களோடு நெவினின் மனைவி ப்ரான்வினிடம் போய்ச் சேர்ந்தது. விற்பவனுக்கு ஒரு நியாயம் உண்டு, வாங்குபவன் கேட்காத குறையைச் சொல்ல வேண்டியதில்லை என்று. மார்னி எட்டு மாதம் அந்த நியாயத்தில் வண்டி ஓட்டினாள்.

ஏப்ரலில் ரேம்ப்பைத் தனியாளாகப் பிரித்தாள். டிரில்லைத் தொடவில்லை. கைத்திருப்புளியால் ஒவ்வொன்றாகக் கழற்றினாள். பதினெட்டு நாள் ஆனது. உள்ளங்கை பிய்ந்து துணி சுற்றிக்கொண்டாள். கழற்றியதை வாளியில் எண்ணிப் போட்டாள். பத்தொன்பதாவது பலகையின் அந்த ஒன்றை மட்டும் வாளியில் போடவில்லை. கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். அது அங்கேயே தங்கிவிட்டது.

குத்தகை தொடர வேண்டுமானால் மரம் கூடாது, கான்கிரீட்டில் கட்டுங்கள் என்றது நகராட்சி. பணம் தருவதாக யாரும் சொல்லவில்லை. மார்னி கான்கிரீட் ஆலை மேலாளரைப் பிடித்தாள். வேலைகளில் மிச்சமாகி ஆலைக்குத் திரும்பும் லாரிகளில் அரையும் கால்வாசியும் கிடக்கும், அதைக் கொட்டவும் அவர்களுக்குச் செலவு. கொட்டுகிற செலவை எனக்குக் கொடுங்கள், நான் எடுத்துக்கொள்கிறேன் என்று ஆரம்பித்தாள். மேலாளர் சிரித்துவிட்டார். கடைசியில் யாரும் யாருக்கும் தர வேண்டியதில்லை என்று முடிந்தது. அப்படித்தான் அந்தக் கிண்ணம் எழும்பியது. நீச்சல்குளம் போலக் குழிந்து, எட்டுச் சுவரும் வளைந்து ஏறும். ஏழு சுவர் நவம்பருக்குள் முடிந்தது. எட்டாவதுக்கு மட்டும் மிச்சம் போதாது, லாரி நிறைய வேண்டும். வேறொரு வேலை ரத்தாகி ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் முழு லாரி கிடைத்தது. இன்று விட்டால் அடுத்தது மழைக்காலத்துக்குப் பிறகுதான்.

அந்த எட்டாவது சுவருக்காகத்தான் ப்ரான்வின் போன் செய்திருந்தாள். நெவினின் சாம்பலில் பாதியை அதில் போட வேண்டும் என்றாள். ஓட்டுகிறவர்கள் தாங்களே கட்டிய இடங்களில் இது புதிதல்ல. எந்தெந்த ஊரிலோ எந்தெந்தச் சுவரிலோ யாரோ இருக்கிறார்கள். பெயர்ப்பலகை வைப்பதில்லை, எல்லோருக்கும் தெரியும், அவ்வளவுதான்.

ஒன்றரை மணிக்கு லாரி வந்துவிட்டது. ஓட்டி வந்தவர் லாஃபாய், சமோவா தீவுக்காரர், ஆலையிலேயே மூத்தவர். வெயில் முப்பத்துநாலு டிகிரி. கான்கிரீட் பூசுவதில் கைதேர்ந்த பாஸ்கோ கரண்டிகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தான். ப்ரான்வினின் வண்டி வந்து நின்றது. மடியில் பெட்டியோடு இறங்கினாள். மருந்துக்கடை வேலை உடுப்பிலேயே வந்திருந்தாள்.

எந்தச் சுவர் என்று கேட்டாள். மார்னி காட்டினாள். மேல் விளிம்பில் பதித்திருந்த இரும்புக் குழாய்க்கு நேர் கீழே.

"சரி," என்றாள் ப்ரான்வின். "அவன் அம்மாவுக்குத்தான் மனசே இல்ல. நான் சொல்லிட்டு வந்தேன், மார்னி ஒவ்வொரு ஆணியையும் காலால தடவிப் பாக்கறவ, அவ கட்டுனதுல இருந்தா பத்திரமா இருப்பான்னு."

வாங்குபவள் குறையைக் கேட்கவில்லை. குறையே இல்லை என்று நற்சாட்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். மார்னியின் நியாயத்தில் அதுவரை ஓடிய வண்டி அந்த இடத்தில் நின்றுபோனது.

"ப்ரான், வண்டில ஏறு. ஒண்ணு சொல்லணும்."

"சிமென்ட் நிக்குதே."

"நிக்கட்டும்."

இருவரும் வண்டியில் உட்கார்ந்தார்கள். மார்னி பையிலிருந்து திருகாணியை எடுத்து முன்தட்டில் வைத்தாள்.

"இதுதான் அது. முந்தின நாள் சாயங்காலமே பாத்துட்டேன்."

"பாத்துட்டு?"

"வட்டம் போட்டேன். சாக்கட்டியால. சிவப்பு."

ப்ரான்வின் அந்தத் திருகாணியையே பார்த்தாள். ஒரு சரக்கு ரயில் மெதுவாகப் போய் முடிந்தது.

"துண்டுல இருந்தது அதுவா?"

"ஆமா. பனியத் துடைக்கறப்ப சேத்துத் துடைச்சிருக்கான்."

"நான் ரத்தம்னு நெனச்சேன். மூணு தடவ துவச்சேன், போகல. அப்புறம் விட்டுட்டேன். அவனோடது, இருந்துட்டுப் போகட்டும்னு." அவள் குரல் உயரவில்லை. கடையில் மருந்துச் சீட்டைப் பார்த்துக் கேள்வி கேட்பதுபோல அடுத்ததைக் கேட்டாள். "ஏன் அப்பவே முடுக்கல?"

"டிரில்லுல பாட்டரி தீந்துபோச்சு."

"கையால முடுக்கற திருப்புளி இல்லையா உங்கிட்ட?"

எட்டு மாதமாக யாரும் கேட்காத கேள்வி அதுதான். மார்னியே தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை, கேட்க விட்டதில்லை.

"இருந்துச்சு. வேன் கதவுல."

"எவ்வளவு தூரம்?"

"இருபது அடி."

ப்ரான்வின் பெட்டியின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள்.

"இறங்கு," என்றாள்.

மார்னி இறங்கினாள். உள்ளேயிருந்து கண்ணாடி ஏறியது.

பாஸ்கோ என்ன ஆயிற்று என்று கேட்டான். கீழேயிருந்து ஆரம்பி, மேல் பங்கை விட்டுவிடு என்றாள் மார்னி. அவன் கரண்டியைக் கீழே போட்டான். இந்த வெயிலில் கீழ்ப்பங்கு அரைமணியில் இறுகிவிடும். அதன்மேல் புதிதை வைத்தால் இரண்டும் ஒன்றாகாது. நடுவில் கோடு விழும். அந்தக் கோட்டில் சக்கரம் இடறும். இதெல்லாம் மார்னி அவனுக்கே சொல்லிக்கொடுத்த பாடம் என்பதை நினைவுபடுத்தினான்.

"தெரிஞ்சே ஒட்டு விடச் சொல்றியா? இருபது வருஷம் இந்த வேலை செஞ்சிட்டேன், ஒரு கோடு விட்டதில்ல நான்."

"அவ முடிவு சொல்லட்டும்."

"சொல்லலன்னா?"

"அவன் இல்லாம மூடுவோம். ஆனா அவ சொல்லாம மூட மாட்டேன்."

பாஸ்கோ வண்டியைப் பார்த்தான். ஏதோ புரிந்ததுபோல, அல்லது புரிய வேண்டாம் என்பதுபோல, கரண்டியை எடுத்துக்கொண்டான். கீழ்ப்பங்கைப் போட ஆரம்பித்தார்கள். தள்ளுவண்டி தள்ளுவண்டியாக வந்தது. மார்னி முட்டி போட்டு அப்பினாள், வளைவுப் பலகையால் இழுத்தாள், தேய்த்தாள். முழுமூச்சாக வேலை செய்தாள். வண்டிப் பக்கம் திரும்பவே இல்லை. மூன்றில் இரண்டு பங்கு முடிந்ததும் எழுந்து நின்றாள். பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை.

லாஃபாய் வந்து பக்கத்தில் நின்றார். லாரியின் பீப்பாய் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது.

"தங்கச்சி, அரைமணி வரைக்கும் சும்மா நிப்பேன். அதுக்கு மேல நிமிஷத்துக்கு மூணு டாலர், ஆலை கணக்கு. எங்கணக்கு இல்ல."

"நில்லுங்க அங்கிள். நான் தந்துடறேன்."

"பெட்டில யாரு?"

பாஸ்கோ சொன்னான். லாஃபாய் தொப்பியைக் கழற்றினார். பிறகு சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்து, தாமதத்துக்குக் காரணம் என்ற இடத்தில் டயர் பஞ்சர் என்று எழுதினார்.

"எந்த டயர்னு கேட்டா என்ன சொல்வீங்க?" என்றான் பாஸ்கோ.

"பத்து டயர் இருக்கு. கேக்கறவன் வந்து எண்ணட்டும்."

யாரும் சிரிக்கவில்லை. ஆனால் மூவருக்கும் நிற்பது கொஞ்சம் எளிதாயிற்று.

இருபது நிமிடம் போயிற்று. மார்னி குனிந்து விரலால் கீழ்ப்பங்கின் மேல் ஓரத்தை அழுத்தினாள். விரல் பதிந்தது. முப்பத்தைந்தாவது நிமிடம் அழுத்தினாள், நகம் மட்டும் பதிந்தது. நாற்பத்தைந்தில் ஒன்றும் பதியவில்லை. பாஸ்கோ ஈரச்சாக்கை எடுத்து அதன்மேல் போட்டுப் பார்த்தான், அது சமாதானத்துக்குச் செய்த வேலை. முதல் இருபது நிமிடத்துக்குள் ஒரு சொல் சொல்லியிருந்தால் மேல் பங்கை மூடி, மாசுமறு இல்லாத சுவரை எடுத்திருக்கலாம். அந்தச் சொல் மார்னி வாயில்தான் இருந்தது. அவள் சொல்லவில்லை. போன தடவை அவள் முடிவெடுத்தபோது இருபது அடி தூரம் நடக்க நேரமில்லை. இந்தத் தடவை நேரத்தை எண்ணுவது அவள் வேலையில்லை.

வண்டிக் கதவு திறந்தது.

ப்ரான்வின் பெட்டியோடு வந்தாள். முகம் கழுவியதுபோல இருந்தது, அவ்வளவுதான் தெரிந்தது. நேராக மார்னியிடம் வந்து நின்றாள்.

"உனக்காகன்னு நெனச்சுக்காத."

"இல்ல."

"கடல்ல போட்டுடலாமான்னு யோசிச்சேன். அவனுக்கு நீச்சலே தெரியாது. வேற எங்க வெச்சாலும் எந்திரிச்சு இங்கதான் வருவான். எதுல கலக்கணும்?"

லாஃபாய் ஒரு தள்ளுவண்டியை நிரப்பிக் கொடுத்தார். பாஸ்கோ கையுறைகளை நீட்டினான், ஈரச் சிமென்ட் தோலைத் தின்றுவிடும் என்றான். அவள் போட்டுக்கொண்டாள். பெட்டியைத் திறந்து பாதியைக் கொட்டினாள். அளவு பார்த்துக் கொட்டும் கை அது, மருந்துக்கடைக் கை. தானே கிளறினாள். சாம்பல் கான்கிரீட்டின் நிறம்தான். நான்கு கிளறலில் எது எது என்று தெரியாமல் போயிற்று. அதற்குப் பிறகும் அவள் கிளறுவதை நிறுத்த நேரம் பிடித்தது.

மார்னி அதை எடுத்துக் குழாய்க்குக் கீழே அப்பினாள். மேல் பங்கு முழுவதும் மூடி வளைவு இழுக்கும்வரை ப்ரான்வின் நின்று பார்த்தாள். பிறகு கையுறைகளைக் கழற்றிப் பாஸ்கோவிடம் கொடுத்தாள்.

"அந்த ஸ்க்ரூ எங்கிட்ட இருக்கட்டும்," என்றாள் மார்னியிடம்.

"சரி."

"எப்பத் தருவேன்னு கேக்காத."

"கேக்க மாட்டேன்."

வண்டி போனது. சுவரில் வேலை அப்போதும் மிச்சமிருந்தது. ஆறு மணிவரை மூவரும் தேய்த்தார்கள். லாஃபாய்க்கு அது வேலையே இல்லை, ஆனால் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு கூடவே முட்டி போட்டார்.

பத்து நாள் கழித்து ஈரச்சாக்கை எடுத்தபோது கோடு இருந்தது. மேல் பங்குக்கும் கீழ்ப்பங்குக்கும் நடுவே, சுவரின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை. ஒரு காசு கனத்துக்குக் கீழ்ப்பங்கு துருத்தி நின்றது. பாஸ்கோ தேய்க்கும் எந்திரத்தோடு வந்திருந்தான். மார்னி கையை நீட்டி நிறுத்தினாள். முதலில் நான் இறங்கணும் என்றாள். தேய்த்துவிட்டு இறங்கு என்றான் அவன். கட்டியவர் கட்டியபடியே இறங்க வேண்டும், சரிசெய்துவிட்டு இறங்குவது கணக்கில் சேராது என்றாள் அவள்.

அன்று வெள்ளிக்கிழமை, முப்பது பேர் கூடியிருந்தார்கள். மார்னி எட்டாவது சுவரின் விளிம்பில் பலகையை வைத்தாள். அந்தக் கோட்டைத் தாண்டும்போது முன்பாரத்தைச் சற்றுத் தளர்த்தினால் சக்கரம் இடறாமல் போய்விடும். உலகத்தில் அது தெரிந்த ஆட்களில் அவள் முதல் வரிசை. தளர்த்தாமல் முழுப் பாரத்தோடு இறங்கினாள். முன்சக்கரம் கோட்டில் மாட்டியது. விழுந்து அடியில் போய்க் கிடந்தாள். இடது மணிக்கட்டு உடைந்த சத்தம் மேலே நின்றவர்களுக்கும் கேட்டது. தலைக்கவசம் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. பாஸ்கோ இறங்கி வந்து எழுப்பினான். பிறகு எந்திரத்தை இயக்கி, இருட்டும்வரை அந்தக் கோட்டைத் தேய்த்தான்.

தேய்த்த பிறகு அதில் யாரும் விழவில்லை. ஆனால் கோடு போகவில்லை. அதைத் தாண்டும்போது ஒவ்வொரு சக்கரமும் டக் என்று ஒரு சத்தம் கொடுக்கும். இடித்துவிட்டுப் புதிதாகப் போட்டால் என்ன என்று வெளியூரிலிருந்து வந்து ஓட்டுகிறவர்கள் கேட்பார்கள். உள்ளூர்க்காரர்கள் தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்கள்.

மார்னி கட்டுப்போட்ட கையோடு எல்லோரையும் கூட்டி நடந்ததைச் சொன்னாள். ப்ரான்வினிடம் சொன்ன அதே சொற்கள், திருப்புளியும் இருபது அடியும் உட்பட. இரண்டு பேர் அதற்குப் பிறகு வரவில்லை. மற்றவர்கள் வந்தார்கள், ஆனால் கொஞ்ச நாள் அவளிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். சாக்கட்டி அன்றோடு ஒழிந்தது. குறை தெரிந்தால் அந்த இடத்தில் குப்பைத்தொட்டியைத் தூக்கி வைக்க வேண்டும், அதை யாரும் துடைத்துவிட முடியாது. குப்பைத்தொட்டியைத் தூக்கச் சோம்பல்பட்டால் அங்கேயே நின்று காவல் காக்க வேண்டும்.

டிசம்பரில் ஒரு காலை, வேலிக்கம்பியில் ஒரு துண்டு கட்டியிருந்தது. மூன்று தடவை துவைத்தும் போகாத சிவப்பு அதில் இருந்தது. கட்டியவள் யார் என்று யாரும் பார்க்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. அன்று முதலில் வந்த பெண் அதை அவிழ்த்துக் கிண்ணத்தின் பனியைத் துடைத்துவிட்டு, பிழிந்து, இருந்த இடத்திலேயே கட்டிவைத்தாள். அன்றிலிருந்து அதுதான் துண்டு.

மார்னி அன்று சாயங்காலம் வேலி முழுக்க ஒருமுறை நடந்தாள். துண்டின் முடிச்சை விரித்துப் பார்த்தாள். கீழே புல்லைக் காலால் தடவினாள். திருகாணி இல்லை.

பழைய இரும்பு வாங்குகிறவன் இரண்டு தடவை வந்து அந்தத் திருகாணி வாளியை எடை போட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். எட்டு டாலர் வரை ஏறி வந்தான், வாளிக்குத் தனியாக ஒரு டாலர். பேரத்துக்கு அஞ்சாதவள் அவள், ஆனால் கணக்கு சேராத சரக்கை விற்பதில்லை என்று சொல்லிவிட்டாள். தச்சுப் பென்சிலால் எழுதிய பக்கம் ஒன்று அவள் நோட்டில் ஏப்ரலிலிருந்து திறந்தே கிடக்கிறது. அதில் ஒரு வரியை மட்டும், துண்டு வந்த அன்று அடித்து மாற்றினாள்.

முப்பத்தாறு பலகை, பலகைக்கு அறுபத்தேழு: 2,412.
வாளியில்: 2,411.
பையில் என்பதை அடித்து, மேலே, ப்ரானிடம்: 1.

கணக்கை முடிக்கப் போடும் இரட்டைக்கோட்டை அவள் இன்னும் போடவில்லை.